குடை பிடித்தவர் மண்டோர்

அந்தச் சனிக்கிழமை காலை கடலோரப் பங்களாவில் இருந்தவர்கள் இவர்கள்.

ஆரோக்கியம். ரோலர் ஓட்டுபவன். புலாவ் திக்குஸ் மாதா கோயில் பக்கம் குடியிருந்தான்.

காளியப்பன். ரோலர் அடுப்புக்குக் கரி தள்ளுபவன். பேச மாட்டான். பேசினால் நிறுத்த மாட்டான்.

மாரியாயி. கல் கூடை தூக்குபவள். அவள் வாய்க்கு எல்லோரும் பயம்.

அவளோடு இன்னும் மூன்று கூடைக்காரிகள்.

மண்வெட்டிக்காரர்கள் நான்கு பேர்.

கம்பெனித் துரை. பங்களாவுக்கு ரோடு போடும் காண்ட்ராக்ட் அவருடையது.

தவுக்கே. சீன முதலாளி, பங்களாவுக்குச் சொந்தக்காரர். அன்று காலில் வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தார்.

பாக் மாட். தவுக்கேயின் தோட்டக்காரர்.

ரோலர் வண்டி. பத்து டன். அதை ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பார்கள். அதோடு பழகாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

நான், சின்னையா. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்.

என் கையில் ஒரு குடை.

குடையைக் கடைசியில் சொன்னேன். அன்று அங்கே பெரிய ஆள் அதுதான்.

கரியிலிருந்து குடைக்கு

போன வாரம் பிறை என்ற ஊரில் பாய்லர் கழுவிய கதையை எழுதினேன். அங்கிருந்துதான் ரோலருக்கு வந்தேன். முதலில் கரி தள்ளினேன். பிறகு ஓட்டினேன். பல வருஷம் ஓட்டினேன். வண்டி என்ன சத்தம் போட்டாலும் அதற்கு எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆள் அழுதால் எங்கே வலிக்கிறது என்று தெரியாது. அதை அப்போது நான் குறையாக நினைக்கவில்லை.

எங்களுக்கு மண்டோராக இருந்தவர் ரெங்கசாமி அண்ணன். ஜல்லிக்கும் சரளைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. ரோலருக்கு முன்பக்கம் எது என்று ஒருநாள் என்னைக் கேட்டார். ஆனால் யார் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் புருஷன் கள்ளுக்கடையில் விழுந்தான், எவளுக்கும் எவளுக்கும் பேச்சு இல்லை, எல்லாம் தெரியும். காலையில் வந்து குடையை விரிப்பார். ஆட்கள் எழுந்திருப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் ரோடு இருக்கும்.

அவர் கப்பலேறி ஊருக்குப் போனார். டிராம் வண்டி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. துரை என்னைக் கூப்பிட்டார். உனக்கு வண்டி தெரியும், இனி ஆளையும் பார்த்துக்கொள் என்றார். கறுப்புக் குடை ஒன்றைக் கையில் கொடுத்தார். புதுத் துணி வாசனை அடித்தது.

வண்டி தெரிந்தவனுக்கு ஆளும் தெரியும் என்று துரை நினைத்தார். நானும் நினைத்தேன். ஆட்கள் நினைக்கவில்லை.

என் இடத்துக்கு ஆரோக்கியம் ரோலர் ஓட்ட வந்தான். நல்ல பையன். வண்டியைக் கண்டால் மட்டும் பயம். அதன் முகத்தைப் பார்க்காமலேதான் ஏறுவான்.

தொடக் கூடாது

மண்டோரான முதல் வாரம். ரோலரில் தண்ணீர் ஏற்றும் குழாய் அடைத்துக்கொண்டது. ஆரோக்கியம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. வண்டிக்கு அடியில் போனேன்.

வெளியே வந்தபோது உச்சி வெயில். ஆட்கள் சும்மா இருக்கவில்லை. அழகாகக் கல் பரப்பி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு வாசலுக்கு.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து எனக்குக் கும்பிடு போட்டார். வெகுநாளாக ரோடு கேட்டுக்கொண்டிருந்தாராம்.

துரை வந்தார். வீட்டைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். என் கையில் இருந்த எண்ணெயைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. இரண்டு பேரும் மலாயில்தான் பேசுவோம்.

“மண்டோர் தாக் போலே பெகாங்,” என்றார். மண்டோர் எதையும் தொடக் கூடாது.

பிறகு ஆரோக்கியத்தைக் காட்டினார். இவன் வேலையை நீ செய்தால் இவன் எதற்கு? இன்னொரு தரம் உன் கையில் எண்ணெயைப் பார்த்தால் இவனை அனுப்பிவிடுவேன்.

தப்பு செய்தது நான். போவது அவன். துரைக்கு அது நியாயமாகப் பட்டது.

அன்று சாயங்காலம் ஆரோக்கியம் என் பின்னாலேயே வந்தான்.

“அண்ணே.”

“என்ன?”

“டிரைவர்னு சொல்லித்தான் பொண்ணு குடுக்குறாங்க. கோயில்ல கலியாண ஓலை வாசிச்சாச்சு.”

“சரி.”

“கரி தள்ளுறவனுக்குக் குடுக்க மாட்டாங்கண்ணே. மாமனார் ஒரு மாதிரி ஆளு.”

“சரிப்பா.”

“நீங்க சரிங்கிறத வச்சு ஒண்ணும் புரியலண்ணே.”

நான் குடையை மடக்கிக்கொண்டு நடந்தேன். அவன் ஏற்கெனவே ஒரு விளக்குக் கம்பத்தைச் சாய்த்திருந்தான். மீ என்னும் நூடுல்ஸ் விற்கும் சீனர் ஒருவரின் தள்ளுவண்டிக் காலையும் நசுக்கியிருந்தான். சீனர் வாணலியோடு அவனைத் துரத்தினார். வாணலியில் மீ இருந்தது.

குடைக்கு அடங்கியவர்கள்

இந்த ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில், குடை பிடித்தவர் எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்றவர்கள் இவர்கள். இங்கே வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அது காலிலேயே இருந்தது. குடை விரிந்தால் எழுந்திருப்பார்கள். குடை மடங்கினால் உட்காருவார்கள். நடுவில் யார் நிற்கிறார் என்று பார்ப்பதில்லை.

நான் குடையைக் கீழே வைத்துவிட்டு “கல்லைக் கொட்டுங்க” என்றால் மாரியாயி வெற்றிலையை மடிப்பாள்.

“மண்டோர் வரட்டும் அண்ணே.”

“நான்தானே மண்டோர்.”

“கொடை கீழ கெடக்கே.”

குடையை எடுத்தால், “இதோ கொட்டுறோம் மண்டோரே” என்பாள். ஒரே வாய். அண்ணன் வேறு ஆள், மண்டோர் வேறு ஆள்.

துரை சொன்ன பிறகும் நான் கையை அடக்கவில்லை. துரை இல்லாத நேரம் பார்த்து ரோலரில் ஏறிவிடுவேன். அரை சுற்று திருப்பினால் சரியாகும் திருகை ஒருவன் பார்த்துக்கொண்டே நின்றால் எப்படிப் பொறுப்பது? ஆனால் ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும். குடையை யாரிடமாவது கொடுக்க வேண்டும்.

முதலில் காளியப்பனிடம் கொடுத்தேன். சும்மா பிடித்துக்கொள் என்றேன். குடை கைக்கு வந்ததும் காளியப்பன் தொண்டையைச் செருமினான்.

“ஏய், என்ன பார்வை? தோண்டு!”

“எங்க மண்டோரே?” என்றான் ஒரு மண்வெட்டிக்காரன். நேற்று வரை காளியப்பனை “டேய் கரி” என்று கூப்பிட்டவன் அவன்.

“நிக்கிற எடத்துலயே தோண்டுடா!”

தோண்டினார்கள். நான் ரோலரை விட்டு இறங்கியபோது மண்வெட்டிக்காரர்கள் நான்கு பேரும் முழங்கால் ஆழத்தில் நின்றார்கள். போட்ட ரோட்டில்.

கல் குவியலில் ஒரு மண்டோர்

அடுத்த நாள் குடையை யாரிடமும் கொடுக்கவில்லை. விரித்து, காம்பைக் கல் குவியலில் நட்டேன். வேலையைச் சொன்னேன். ரோலருக்குப் போனேன்.

பாதி பயத்தோடுதான் திரும்பிப் பார்த்தேன். வேலை நடந்துகொண்டிருந்தது. நான் நின்றபோது நடந்ததைவிட நன்றாக நடந்தது. யாரும் உட்காரவில்லை. சண்டை இல்லை. மாரியாயி குவியலைத் தாண்டும்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

இப்படிச் சில நாள் ஓடியது. ரோடு அந்த நாட்களில்தான் நேராக வந்தது. இன்றும் போய்ப் பார்க்கலாம், மேலே தார் போட்டுவிட்டார்கள்.

மாரியாயி ஒருநாள் சொன்னாள்: “இந்த மண்டோர் நல்லவரு. ஏசுறதில்ல. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறதில்ல. ஒரே எடத்துல நிக்கிறாரு.”

“நான் அப்படித்தானே நின்னேன்?”

“நீங்க நின்னீங்க. கண்ணு ரோலர் மேல இருந்திச்சு.”

அப்போதும் என் கண் ரோலர் மேல்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் துரை சொல்லாமல் வந்தார். வெயிலுக்குக் குடைக்கு அடியில் போய் நின்றார். அப்புறம்தான் அது தானாக நிற்கிறது என்று கவனித்தார்.

“மண்டோர் மானா?” என்று கேட்டார். மண்டோர் எங்கே என்று.

எட்டுப் பேரும் குடையைக் காட்டினார்கள்.

துரை குனிந்து குடைக் காம்பைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைத் தேடினார். ரோலருக்கு அடியில் என் கால் தெரிந்தது.

அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சனிக்கிழமை தவுக்கேயோடு வருவதாகச் சொன்னார். ஆரோக்கியம் தனியாக, கேட்டிலிருந்து வீட்டுப் படிவரை ரோலரை ஓட்டிக் காட்ட வேண்டும். என் விரல் பட்டாலும் அவன் அன்றே போக வேண்டியதுதான்.

ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டான். காளியப்பன், “பொண்ணு வீட்டுக்கு இப்பவே சொல்லிடலாமா?” என்றான்.

குடையால் ஓட்டினேன்

ரோலர் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். ஓட்டுபவன் நிற்கும் இடத்திலிருந்து முன்னால் இருக்கும் ரோடு தெரியாது. பாய்லரும் புகைக் குழாயும் மறைக்கும். பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். ஆரோக்கியத்துக்கு எட்டிப் பார்க்கப் பயம். விழுந்துவிடுவானாம்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ரோடு தெரியாவிட்டால் என்ன, புகைக் குழாய்க்கு மேலே என் குடை தெரியுமே.

“ஆரோக்கியம், நான் முன்னால நடக்கிறேன். நீ குடையை மட்டும் பாரு.”

“வேற எதையும் பாக்க வேணாமா?”

“வேணாம்.”

குடை இடது பக்கம் சாய்ந்தால் இடது. வலது பக்கம் சாய்ந்தால் வலது. தூக்கி ஆட்டினால் வா. மடக்கினால் நில்.

இரண்டு நாள் ஓட்டினோம். அற்புதமாக ஓட்டினான். குடை நெளிந்த இடத்தில் ரோலரும் நெளிந்தது. காளியப்பன் கைதட்டினான். எனக்கும் பெருமை. ஆளைப் பழக்குவது இவ்வளவு லேசா என்று நினைத்தேன்.

கை வைக்காதே என்றார்கள். கை வைக்காமல் ஓட்டினேன். ஆரோக்கியம் ஓட்டவில்லை.

தூறல்

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ரோலர் கேட்டுக்குள் வந்தது. நான் முன்னால். கூடைக்காரிகள் பின்னால். துரையும் தவுக்கேயும் ஓரமாக நின்று பார்த்தார்கள். துரை எனக்குத் தலையை ஆட்டினார். பாதி தூரம் ஒரு குறையும் இல்லை.

அப்போது தூறல் விழுந்தது.

தவுக்கே தன் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தார். துரை மரியாதை தெரிந்தவர். என் பக்கம் வந்தார். கையை நீட்டினார். குடையை வாங்கித் தவுக்கேக்குப் பிடித்தார்.

துரை கேட்டால் கொடுக்காமல் எப்படி இருப்பது?

தவுக்கேக்கு ஒரு பூச்செடி வரிசை உண்டு. புல்தரைக்கு அந்தப் பக்கம், சட்டி சட்டியாக. பாக் மாட் பிள்ளைபோல் வளர்த்தவை. அதைத் துரைக்குக் காட்டத் தவுக்கே இடது பக்கம் திரும்பினார். குடையும் இடது பக்கம் சாய்ந்தது.

ரோலரும் திரும்பியது.

நான் கத்தினேன். ஆவிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கத்திப் பழக்கமும் இல்லை.

கூடைக்காரிகள் குடையைப் பார்த்தார்கள். குடை புல்தரையில் நின்றது. புல்தரையில் கல்லைக் கொட்டினார்கள். மண்வெட்டிக்காரர்கள் பரப்பினார்கள். சுத்தமான வேலை.

முதலில் பார்த்தவர் பாக் மாட். “அடோய்!” என்று தலையில் கைவைத்தார். துரை திரும்பினார். பத்து டன் தன்னை நோக்கி வருவதைக் கண்டார். நில் என்று சொல்லக் குடையைத் தூக்கி ஆட்டினார்.

எங்கள் கணக்கில் அது, வா.

ரோலர் வேகம் எடுத்தது. ரோலர் வேகம் என்றால் ஆள் நடக்கும் வேகம்தான். ஓடி உயிர் பிழைக்கலாம். தவுக்கே அப்படித்தான் செய்தார். ஆனால் துரை மரியாதையை விடவில்லை. தவுக்கே நனையக் கூடாது என்று குடையோடு கூடவே ஓடினார். அவர்கள் வலது பக்கம் போனால் ரோலரும் வலது. இடது பக்கம் போனால் இடது. பூச்சட்டி வரிசையை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். ரோலர் சுற்றவில்லை. நேராகச் சட்டிகள் மேலேயே போனது.

“துவான், துத்தூப் பாயோங்!” என்று கத்தினேன். குடையை மடக்குங்கள் என்று. துரை என்னைப் பார்த்த பார்வை, மழையில் மடக்கச் சொல்கிறாயே மடையா என்றிருந்தது.

நான் ரோலர் படியில் தொற்றினேன்.

படியில்

ஆரோக்கியம் வியர்த்துப்போய் நின்றான். கண் மேலே குடையில் இருந்தது.

“நிறுத்துடா!”

“குடை மடங்கலயேண்ணே!”

“குடைய விடு. எட்டிப் பாரு. கீழ யாரு நிக்கிறான்னு பாரு.”

எட்டிப் பார்த்தான். தவுக்கே தோட்டத்து மதில் சுவரோடு ஒட்டி நின்றார். அவருக்கு முன்னால் துரை. இருவருக்கும் மேலே குடை. வேறு போக்கிடம் இல்லை.

ஆரோக்கியம் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

“நீங்களே புடிங்கண்ணே! மாதாவே! நீங்க புடிங்க!”

ரோலருக்குப் பிரேக் கிடையாது. ஆவியை அடைத்து, வண்டியைப் பின்பக்கம் ஓட வைக்கும் திருப்புப் பிடியை இழுக்க வேண்டும். பிடி என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். என் கை தானாகப் போனது.

துரை என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒட்டி நிற்கும்போதும் அவருக்கு அது நினைவிருந்தது.

கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்தேன். ஒரு கையை இன்னொரு கையால் பிடித்தேன். அப்படி நிற்பதற்கு ரோலர் படி ஏற்ற இடம் இல்லை.

“நான் புடிச்சா நீ டிரைவர் இல்ல,” என்றேன். “ஆவிய அடை.”

அடைத்தான்.

“திருப்புப் பிடி.”

“கை வரலண்ணே.”

“வரும். இழு.”

இழுத்தான். வண்டி உறுமியது. உடம்பெல்லாம் குலுங்கியது. நான் அவன் காதுக்குள் சொன்னேன். “பயப்படாத. அதுக்கும் நிக்கத்தான் ஆசை. கொஞ்சமா ஆவி குடு. இன்னும் கொஞ்சம்.” வண்டிக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு என்ன தெரியும் என்று அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அவன் உதடு ஆடியது. கை ஆடவில்லை.

நின்றது. துரை வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். இழுக்காவிட்டாலும் இடம் இருந்திருக்கும். இருந்தாலும் இழுத்தார்.

பிறகு ஆரோக்கியம் நான் சொல்லாமலே பின்னால் எடுத்தான். எட்டிப் பார்த்து எடுத்தான்.

விசாரணை

துரை குடையோடு வந்தார். முழங்கால்வரை சேறு.

“இவனை இந்தப் பக்கம் வரச் சொன்னது யார்?”

நான் வாயைத் திறக்கும் முன் மாரியாயி முன்னால் வந்தாள். அவளுக்கு மலாய் நன்றாக வரும், பாசார் சந்தையில் சண்டை போட்டுக் கற்றது. சொன்னதை எங்களுக்காகத் தமிழிலும் சொன்னாள்.

“தொரைதான் வரச் சொன்னாரு. கொடை யாரு கையில இருந்திச்சு? தொரை கையில. கொடை சாஞ்சிச்சு, வந்தோம். கொட்டச் சொன்னாரு, கொட்டினோம். ஆட்டிக் கூப்பிட்டாரு, அவன் வந்தான். மண்டோர் சொன்னதைச் செஞ்சதுக்கு வேலைய விட்டு நீக்குவாங்களாமா?”

“நான் மண்டோரா?” என்றார் துரை.

எட்டுப் பேரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். காளியப்பனும் ஆட்டினான்.

தவுக்கே சுவரை விட்டு வந்தார். சப்பாத்தைப் பார்த்தார். ரோலரைப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கல் மேல் உட்கார்ந்துவிட்டார். புல்தரையில் போட்ட கல் நன்றாகத்தான் இருந்தது, அவர் பாரத்துக்குக்கூட ஆடவில்லை. மோட்டார் கார் நிறுத்த இந்த இடம் வசதி, அப்படியே இருக்கட்டும்லா என்றார்.

பாக் மாட் சிரிக்கவில்லை. அவர் அதன் பிறகு என்னிடம் பேசவே இல்லை.

துரை என் கையைக் காட்டச் சொன்னார். இரண்டையும் விரித்துக் காட்டினேன். திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன். மழைத் தண்ணீர் மட்டும் இருந்தது.

“நிறுத்தியது அவனா?”

“அவன்தான்.”

“தனியாகவா?”

“வாய் மட்டும் என்னுது.”

துரை முழங்கால் சேற்றைத் துடைத்தார். ஆரோக்கியம் இருக்கலாம் என்றார். நானும் இருக்கலாம் என்றார். யாரையாவது நீக்காமல் போக அவருக்கு மனம் வரவில்லை. குடையை நீக்கினார். மடக்கித் தன் காரில் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆரோக்கியத்தின் கலியாணம் குறித்த நாளில் நடந்தது. மாமனார் ஒரு மாதிரி ஆள்தான்.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை நல்ல வெயில். கல் வண்டி வந்து இறக்கிவிட்டுப் போயிருந்தது. ஆட்கள் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ரோலரில் ஆவி ஏறிக்கொண்டிருந்தது. வால்வு ஒன்று லேசாகச் சீறியது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆரோக்கியம் அதைக் கேட்டுவிட்டு ஸ்பேனரைத் தேடினான்.

நான் ஆட்களுக்கு எதிரே போய் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொங்கவிட்டேன்.

“எந்திரிங்க. கல்லு வந்திருக்கு.”

யாரும் அசையவில்லை. மாரியாயி என் கையைப் பார்த்தாள்.

“மண்டோர் வரலியா?”

“வந்தாச்சு.”

“எங்க?”

“இங்கதான் நிக்கிறேன்.”

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் மண்வெட்டிக்காரர்களைப் பார்த்தாள். அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். எனக்கு உச்சந்தலை சுட்டது. இன்னொரு தரம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உட்கார்ந்திருந்தவர்கள் எட்டுப் பேர்.

எழுந்தவர்கள் ஐந்து.